யாருடைய டிக்கெட்?

சாயல்குடியில் ரயில் நிலையம் கிடையாது. சென்னைக்கு ரயிலில் செல்வோர் வேறு ஊருக்குப் போய்த்தான் ஏற வேண்டும். ஆனால் டிக்கெட்டை வீட்டிலிருந்தே செல்போனில் பதிவு செய்துவிடலாம். அப்போது நாம் தரும் பெயர், வயது, பயண நாள் முதலியவை சர்வர் என்னும் கணிப்பொறியில் சேர்கின்றன. அவற்றைக் காப்பது எப்படி?

காவல் இரண்டு வகைப்படும். முதலாவது, சர்வருக்குக் காவல். தேவையற்ற வழிகளை அடைப்பது, அதை இயக்கும் மென்பொருளில் குறை தெரிந்தவுடன் திருத்துவது, போய்வரும் செய்தியைச் சங்கேத வடிவில் அனுப்புவது ஆகியவை இதில் அடங்கும். இரண்டாவது, டிக்கெட் பதிவுக்கென எழுதப்பட்ட நிரலிலேயே அமைய வேண்டிய காவல்.

முதற்காவல் பலமாக இருந்தால் போதாதா? போதாது என்பதை 2021-இல் நடந்த நிகழ்ச்சி ஒன்று காட்டியது. சென்னையைச் சேர்ந்த 12-ஆம் வகுப்பு மாணவர் ஒருவர் ஐ.ஆர்.சி.டி.சி. இணையதளத்தில் தம் கணக்கின் வழியே டிக்கெட் விவரங்களைப் பார்த்தார். சர்வருக்குச் செல்லும் வேண்டுகோளில் இருந்த பரிவர்த்தனை எண்ணை மாற்றியபோது, முன்பின் அறியாத வேறொருவரின் பயண விவரம் வந்து நின்றது! இவ்வழியே பிறர் டிக்கெட்டை ரத்து செய்யவும் முடியும் என்று அவர் சுட்டிக்காட்டினார்.

இங்கே எந்தப் பூட்டும் உடைக்கப்படவில்லை என்பதைக் கவனியுங்கள். ஒரு வங்கியை நினைத்துக்கொள்வோம். சுவர் உறுதியானது, வாசலில் காவலர் நிற்கிறார். கணக்கு வைத்திருப்பவர் என்பதால் உங்களை உள்ளே விடுகிறார். நீங்கள் வேறொருவரின் கணக்கு எண்ணைச் சொல்கிறீர்கள். எழுத்தர் பேசாமல் அவருடைய பாஸ்புத்தகத்தை எடுத்து நீட்டுகிறார்! சுவரை இன்னும் உயர்த்தினால் இத்தவறு தீருமா? சங்கேத வடிவமும் உதவாது. அது தவறான வேண்டுகோளையும் பத்திரமாகவே கொண்டு சேர்க்கும்.

அப்படியானால் மருந்து எது? "இந்த எண்ணில் டிக்கெட் உண்டா?" என்று பார்ப்பதோடு நிரல் நின்றுவிடக்கூடாது. "அது கேட்பவருடைய டிக்கெட்தானா?" என்றும் ஒவ்வொரு முறையும் சோதிக்க வேண்டும். இந்த ஒரு வரியை எழுத வேண்டியவர் நிரலாளரே. சர்வரைக் காப்பவர் அல்லர். நிரல் மட்டும் நன்றாயிருந்து சர்வர் பழுதானாலும் ஆபத்துதான். ஆகவே இரு காவலும் வேண்டும்.

அம்மாணவர் தாம் கண்டதைத் தவறாகப் பயன்படுத்தவில்லை. மைய அரசின் செர்ட்-இன் அமைப்புக்குத் தெரிவித்தார். சில நாட்களில் குறை திருத்தப்பட்டது. நாளை நீங்களும் நிரல் எழுதுவீர்கள். எண் சரிதானா என்று பார்த்த கையோடு, கேட்பவர் யார் என்றும் கேட்க மறவாதீர்கள்!