ஹாட்ஃபீல்ட்–மெக்கோய் பகை

ஹாட்ஃபீல்ட்–மெக்கோய் பகை என்பது 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஐக்கிய அமெரிக்காவின் அப்பலாச்சிய மலைப்பகுதியில் இரு குடும்பங்களிடையே நிகழ்ந்த வன்முறைப் பூசல் ஆகும். மேற்கு வர்ஜீனியா, கென்டக்கி மாநிலங்களின் எல்லையாக ஓடும் டக் போர்க் ஆற்றின் ஒரு கரையில் பெரும்பாலான ஹாட்ஃபீல்டுகளும் மறுகரையான கென்டக்கியில் பெரும்பாலான மெக்கோய்களும் வாழ்ந்தனர். "டெவில் ஆன்ஸ்" எனப்பட்ட வில்லியம் ஆண்டர்சன் ஹாட்ஃபீல்ட் (1839–1921), ராண்டால்ஃப் மெக்கோய் (1825–1914) ஆகியோர் குடும்பத் தலைவர்கள். பன்றிக்காக மூண்ட சண்டை என்றே இது பரவலாக அறியப்படுகிறது. எனினும் நிகழ்வுகளைக் காலவரிசையில் நோக்கினால், நிலவுரிமையும் இரு மாநில அரசுகளின் பிணக்குமே பெரிதாகத் தெரிகின்றன.

தொடக்கம்

அமெரிக்க உள்நாட்டுப் போரில் இரு தலைவர்களும் தென்னவர் பக்கமே நின்றனர். வடவர் படையில் சேர்ந்த ராண்டால்ஃபின் தம்பி ஆசா ஹார்மன், 1865 சனவரியில் கொல்லப்பட்டார். இதற்காக எவரும் தண்டிக்கப்படவில்லை. உடனடிப் பழிவாங்கலும் நிகழவில்லை.

1878இல் பிளாய்ட் ஹாட்ஃபீல்டிடம் இருந்த பன்றி தன்னுடையது என ராண்டால்ஃப் வழக்குத் தொடுத்தார். அக்காலத்தில் பன்றிகள் காட்டில் மேயவிடப்பட்டன. காதில் வெட்டப்பட்ட அடையாளமே உரிமைக்குச் சான்று. இரு குடும்பங்களிலிருந்தும் அறுவர் வீதம் நடுவராக அமர்ந்தனர். மெக்கோய் ஒருவரே எதிர்த்தரப்புக்கு வாக்களித்ததால் ராண்டால்ஃப் தோற்றார்.

1882 ஆகத்து மாதத் தேர்தல் நாளில் ராண்டால்ஃபின் மூன்று மகன்கள், டெவில் ஆன்சின் தம்பி எலிசனைக் கத்தியால் குத்திச் சுட்டனர். எலிசன் இறந்ததும், பிடித்து வைக்கப்பட்டிருந்த மூவரையும் ஹாட்ஃபீல்டுகள் புதர்களில் கட்டிச் சுட்டுக்கொன்றனர். இருபது பேர் மீது கென்டக்கியில் குற்றம் சாட்டப்பட்டது. ஆயினும் ஐந்தாண்டுகள் எவரும் சிறை செல்லவில்லை. பகையும் ஏறக்குறைய ஓய்ந்திருந்தது.

மாநிலங்களின் மோதல்

அதனை 1887இல் மீண்டும் கிளறியவர் பெர்ரி கிளைன் என்னும் வழக்கறிஞர். ஆசா ஹார்மனின் மனைவியின் உடன்பிறந்தவரான இவர், மரவளம் மிக்க தம் நிலத்தை முன்னர் வழக்கொன்றில் டெவில் ஆன்சிடம் இழந்திருந்தார். இவரது முயற்சியால் கென்டக்கி ஆளுநர் பக்னர், குற்றம் சாட்டப்பட்டோரைப் பிடிக்கப் பரிசு அறிவித்தார். மேற்கு வர்ஜீனிய ஆளுநர் வில்சன் அவர்களை ஒப்படைக்க மறுத்தார். சாட்சிகளை ஒழிக்க எண்ணிய ஹாட்ஃபீல்டுகள் 1888 சனவரி 1 அன்று ராண்டால்ஃபின் வீட்டைத் தாக்கி எரித்தனர். அவரின் மகள் அலிஃபேரும் மகன் கால்வினும் கொல்லப்பட்டனர். மனைவி சாரா கடுமையாகத் தாக்கப்பட்டார்.

கென்டக்கியிலிருந்து ஆயுதக் குழுவினர் ஆறு கடந்து சென்று ஒன்பது பேரைப் பிடித்து வந்தனர். இது சட்டவிரோதக் கடத்தல் என மேற்கு வர்ஜீனியா வாதிட்டது. மேகன் எதிர் ஜஸ்டிஸ் என்ற அவ்வழக்கில், கொண்டுவந்த முறை தவறாயினும் விசாரணைக்கு அது தடையாகாது என்று ஐக்கிய அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1888இல் தீர்ப்பளித்தது.

முடிவு

பலருக்கு ஆயுள் தண்டனை கிடைத்தது. தூக்கிலிடப்பட்டவர் எலிசன் மவுண்ட்ஸ் ஒருவரே (பைக்வில், 18 பெப்ரவரி 1890). மனவளர்ச்சி குன்றியவர் எனக் கருதப்பட்ட இவர், கொல்லப்பட்ட எலிசனின் மகன். டெவில் ஆன்ஸ் ஒருமுறைகூட நீதிமன்றத்தில் இதற்காக நிறுத்தப்படவில்லை. அவர் 1888இல் தம் நிலத்தை விற்று ஆற்றோரத்தை விட்டு அகன்றார். சில ஆண்டுகளில் அப்பள்ளத்தாக்கில் தொடருந்துப் பாதையும் நிலக்கரிச் சுரங்கங்களும் வந்தன.

இரு குடும்பங்களின் வழித்தோன்றல்கள் 2003 சூனில் பைக்விலில் கூடி அமைதி உடன்பாட்டில் கையொப்பமிட்டனர்.