ஒன்றரை நிமிஷச் சிரிப்பு

மாசிக் கொடைக்கு மண்டைக்காடு சென்று வந்தவர்களுக்கு அவ்வூரைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. பகவதியம்மன் ஸந்நிதியில் ஆள் உயரத்தையும் மிஞ்சி வளர்ந்து நிற்கும் புற்றைத் தரிசிக்கலாம். தலைவலி நீங்கவேண்டுமென்று நேர்ந்துகொண்டவர்கள் நிவேதனம் செய்யும் மண்டையப்பத்தை ருசி பார்க்கலாம். கோயிலிலிருந்து சிறிது தூரம் நடந்தால் கடலில் காலை நனைக்கலாம். இத்தனையும் செய்துவிட்டு, ஓய்ந்த கால்களுடன் உறவினர் வீட்டுத் திண்ணையில் சாய்ந்திருந்த ஒரு மாலைப் பொழுதில்தான் இந்தக் கட்டுரைக்கு விதை விழுந்தது.

அந்த வீட்டுப் பையன் கைபேசியும் கையுமாக வந்து சேர்ந்தான். "மாமா, ஒண்ணரை நிமிஷந்தான். பாத்துட்டுச் சொல்லுங்க" என்றான். ஒன்றரை நிமிஷத்தில் என்ன குடி முழுகிவிடப் போகிறது என்று வாங்கிப் பார்த்தேன். பக்கத்தில் உட்கார்ந்து வெற்றிலை இடித்துக்கொண்டிருந்த ஆச்சியும் எட்டிப் பார்த்தாள். ஆச்சிக்கு எண்பது வயதுக்குக் குறையாது. படம் முடிந்ததும் முதலில் சிரித்தது நான் அல்ல, பையனும் அல்ல, ஆச்சிதான். வெற்றிலை உரலைத் தள்ளி வைத்துவிட்டு, "இன்னொரு தடவை போடு மக்கா" என்றாள்.

அப்படி ஆச்சியைச் சிரிக்க வைத்தது எந்தப் படம்? 1969-ஆம் வருஷத்தில் மார்வ் நியூலண்ட் என்னும் இளைஞர், அமெரிக்காவில் லாஸ் ஏஞ்சல்ஸ் நகரத்துச் சித்திரக் கலைக் கல்லூரி ஒன்றில் மாணவராக இருந்தபோது, தாமே கோடு கோடாக வரைந்து எடுத்த கார்ட்டூன் படம் அது. அதன் பெயர் 'பாம்பி மீட்ஸ் காட்ஸில்லா'. அதாவது, பாம்பி காட்ஸில்லாவைச் சந்திக்கிறது.

இந்த இருவரும் யார் என்று தெரிந்தால்தான் பெயரிலுள்ள வேடிக்கை புலப்படும். பாம்பி ஒரு மான் குட்டி. ஃபெலிக்ஸ் ஸால்டன் என்ற ஆஸ்திரிய எழுத்தாளர் 1923-ல் வெளியிட்ட நாவலில் பிறந்து, 1942-ல் வால்ட் டிஸ்னியின் சித்திரப் படத்தின் மூலம் உலகம் முழுவதும் துள்ளித் திரிந்தது. அந்தப் படத்தில் தாய் மான் வேட்டைக்குப் பலியாகும் கட்டத்தில் தேம்பி அழாத குழந்தைகள் அபூர்வம். காட்ஸில்லாவோ ஒரு ராக்ஷஸ விலங்கு. அணுகுண்டுச் சோதனையினால் கிளப்பி விடப்பட்டு, கடலுக்குள்ளிருந்து எழுந்து வந்து, டோக்கியோ நகரைக் காலால் மிதித்துத் துவம்ஸம் செய்வது. 1954-ல் இஷிரோ ஹோண்டா எடுத்த ஜப்பானியப் படத்தில் அது முதன் முதலில் தோன்றியது. ஹிரோஷிமாவையும் நாகஸாகியையும் கண்ட ஒரு தேசத்தின் பீதியே அவ்வாறு உருவெடுத்தது என்று சொன்னால் தவறில்லை. இப்படிப்பட்ட இருவர் சந்தித்தால் என்ன ஆகும்?

திரையில் ஒரு மான் நின்று புல் மேய்கிறது. வர்ணம் கிடையாது, கறுப்புக் கோடுகள்தான். பின்னால் ரோஸினி என்ற இத்தாலிய ஸங்கீத மேதை 'வில்லியம் டெல்' நாடகத்துக்கு அமைத்த முகப்பு இசையில், இடையர் குழல் போல இழையும் பகுதி கேட்கிறது. மான் மேய, மேலே எழுத்துக்கள் ஓடுகின்றன. கதை: மார்வ் நியூலண்ட். சித்திரங்கள்: மார்வ் நியூலண்ட். நடனப் பயிற்சி: மார்வ் நியூலண்ட். 'பாம்பியின் உடைகள்' என்றுகூட ஒரு வரி வருகிறது. அதுவும் மார்வ் நியூலண்டே. உடுக்காத மானுக்கு உடை தைத்தவர் யாரென்று நாம் யோசிப்பதற்குள், "மார்வ் நியூலண்டைத் தயாரித்தவர்கள்: ஸ்ரீமான் நியூலண்ட், ஸ்ரீமதி நியூலண்ட்" என்று பெற்றோரின் பெயரும் வந்துவிடுகிறது.

எழுத்துக்கள் முடிகின்றன. மான் சற்றே தலை நிமிர்கிறது. மேலேயிருந்து பிரம்மாண்டமான ஒரு கால் 'தொம்' என்று இறங்குகிறது. அவ்வளவுதான். "முற்றும்" என்று போட்டு விடுகிறார்கள். அதன் பிறகு, காட்ஸில்லாவைத் தருவித்துக் கொடுத்து உதவிய டோக்கியோ நகரத்தாருக்கு மனமார்ந்த வந்தனம் தெரிவிக்கப்படுகிறது. கடைசியில் அந்தப் பெரிய காலின் நகங்கள் மெல்ல அசைகின்றன. பீடா போட்டுக்கொண்டு சாய்ந்து உட்காரும் பெரிய மனுஷரின் திருப்தி அதில் தெரிகிறது.

நேயர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். படத்தில் பாதிக்கு மேல் எழுத்துக்களே ஓடுகின்றன. 'சம்பவம்' என்று சொல்லக்கூடியது சில விநாடிகள்தான். ஆயினும் நாம் சிரிப்பது அந்தச் சில விநாடிகளுக்காக மட்டும் அல்ல. என்ன நடக்கப் போகிறதென்பதைப் பெயரே சொல்லிவிட்டது. எப்போது நடக்கும் என்பதைத்தான் ஒளித்து வைத்திருக்கிறார். சாதாரணமாகச் சினிமாக் கொட்டகையில் பெயர்கள் ஓடும் நேரத்தில் நாம் முறுக்கு வாங்குவோம், பக்கத்திலிருப்பவரிடம் பேசுவோம். யாரும் மதிக்காத அந்த நேரத்தையே நியூலண்ட் ஹாஸ்யமாக்கிவிட்டார். மான் அசையாமல் மேய்கிறது. நம் மனசுதான் துடித்துக்கொண்டிருக்கிறது. பாதிப் படத்தைப் பார்க்கிறவனே மனத்துக்குள் எடுத்து முடித்துவிடுகிறான். தானே எடுத்த படம் யாருக்குத்தான் அலுக்கும்?

இந்தச் சின்னஞ்சிறு படத்துக்குக் கிடைத்த ஆயுளைப் பார்த்தால் ஆச்சரியமாயிருக்கிறது. 'கிங் ஆஃப் ஹார்ட்ஸ்' என்ற பிரெஞ்சுப் படத்துக்கு முன்னால் இதைச் சேர்த்து அமெரிக்கக் கொட்டகைகளில் காட்டினார்கள். ஜனங்கள் திரும்பத் திரும்பப் போய்ப் பார்த்தார்கள். 1994-ல் சித்திரப் படத் தொழிலில் உள்ளவர்களைக் கேட்டு, சிறந்த கார்ட்டூன்கள் ஐம்பதைத் தேர்ந்தெடுத்து ஒரு புத்தகம் வெளிவந்தது. பெரிய ஸ்டூடியோக்களின் படைப்புக்களுக்கு நடுவே இந்த மாணவரின் படம் 38-வது ஸ்தானத்தைப் பெற்றது. ஆஸ்கர் பரிசு வழங்கும் அகாடமியின் காப்பகம் 2009-ல் அதைப் பத்திரப்படுத்தியும் வைத்தது. ஒன்றரை நிமிஷச் சிரிப்பை ஒரு தேசம் பெட்டியில் பூட்டி வைக்கிறது!

இரண்டாம் தடவை படம் ஓடி முடிந்ததும் பையனின் தங்கை, "மானு செத்துப் போச்சா, ஆச்சி?" என்று கேட்டாள். நானும் பையனும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். ஆச்சி மட்டும் தயங்கவில்லை.

"சாவாது மக்கா. நாளைக்குப் போட்டா மறுபடியும் வந்து நிக்கும். நம்ம உச்சிக்குடும்பன் வாங்காத அடியா?" என்றாள்.

உச்சிக்குடும்பனை நாஞ்சில் நாட்டுப் பெரியவர்களுக்கு அறிமுகம் செய்ய வேண்டியதில்லை, மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். இந்தப் பக்கத்துத் தோல்பாவைக் கூத்தில் உச்சிக்குடும்பன், உளுவத்தலையன் என்று இரண்டு கோமாளிகள் உண்டு. வெள்ளைத் திரைக்குப் பின்னால் விளக்கு எரியும். ஆட்டுத் தோலைப் பதப்படுத்தி, துளையிட்டு, வர்ணம் தீட்டிய பாவைகளை ஒருவரே ஆட்டுவார். ராமனுக்கும் ராவணனுக்கும் சூர்ப்பணகைக்கும் அநுமானுக்கும் அவர் ஒருவரே குரல் கொடுப்பார். மராட்டியைத் தாய்மொழியாகக் கொண்ட சில குடும்பத்தினர் தலைமுறை தலைமுறையாக இந்தக் கலையைத் தமிழில் நடத்தி வந்திருக்கிறார்கள். ராமாயணம் பல இரவுகள் நடக்கும். அதன் நடுவே சில நிமிஷங்கள் இந்த இரண்டு பேரும் தலை காட்டுவார்கள். ஊர் வம்பு பேசுவார்கள், ஒருவரையொருவர் ஏய்ப்பார்கள், அடித்துக்கொள்வார்கள். விழுந்தவன் அடுத்த விநாடி எழுந்து நிற்பான்.

யோசித்துப் பார்த்தால் ஆச்சி சொன்னது எவ்வளவு உண்மை! கதை, சித்திரம், குரல், அடி, உதை எல்லாவற்றுக்கும் ஒரே மனிதர். அங்கே மார்வ் நியூலண்ட், இங்கே திரைக்குப் பின்னால் உட்கார்ந்திருக்கும் பாவைக் கலைஞர். இரண்டிலும் உருவங்கள் அசைவது சொற்பம். பார்ப்பவர் மனம் அசைவதே அதிகம். வித்தியாசம் ஒன்றுதான். அங்கே சிரிப்பு பிலிமில் பதிந்திருக்கிறது. இங்கே அது ஒரு மனிதரின் தொண்டையில் இருக்கிறது.

அதனால்தான் கவலை உண்டாகிறது. நம் நாட்டிலும் இம்மாதிரிச் சிறு படங்கள் தோன்றாமலில்லை. தாதா ஸாஹேப் பால்கே 1915-ல் தீக்குச்சிகளை ஆட வைத்து ஒரு வேடிக்கைப் படம் எடுத்தார். சென்னையில் ஜெமினியின் 'மிஸ் மாலினி'யுடன் 1947-ல் 'சினிமா கதம்பம்' என்ற கார்ட்டூன் படம் காட்டப்பட்டது. அதை உருவாக்கியவர் தாணு என்ற சித்திரக்காரர். பால்கேயின் தீக்குச்சிகள் இன்று இல்லை; அந்தப் படம் அழிந்தே போயிற்று. நீளமான படங்களையே காப்பாற்றத் தவறிய நாம், சில நிமிஷ வேடிக்கையை யார் பொருட்படுத்துவது என்று விட்டுவிட்டோம். பாவைக் கூத்தின் கதியும் அதற்கு மேல் இல்லை. சினிமாவும் டெலிவிஷனும் வந்தபின், இதையே நம்பி வாழ்ந்த குடும்பங்கள் ஒவ்வொன்றாக வேறு பிழைப்புத் தேடிப் போயின. இந்தத் திண்ணைக் குழந்தைகள் இருவரும் காட்ஸில்லாவை அறிவார்கள். உச்சிக்குடும்பனை அன்றுதான் கேள்விப்பட்டார்கள்.

பையன் பிறகு ஒரு தகவல் சொன்னான்: "காட்ஸில்லா கடலுக்குள்ளேயிருந்துதான் வரும், ஆச்சி."

ஆச்சி சிறிது நேரம் பேசவில்லை. திண்ணையில் கடலின் இரைச்சல் கேட்டுக்கொண்டிருந்தது. 2004-ஆம் வருஷம் டிஸம்பர் 26-ஆம் தேதி காலையில், இந்தக் கரையிலே குளச்சலிலும் கொட்டில்பாட்டிலும் கடல் எழுந்து வந்ததை மறந்தவர்கள் இங்கே யாரும் இல்லை. அன்றும் கால் இறங்குவதற்கு முன்னால் எல்லோரும் அவரவர் வேலையைப் பார்த்துக்கொண்டுதான் இருந்தார்கள்.

"வாறது வரும் மக்கா. அதுக்காக மானு புல்லு திங்காம இருக்குமா?" என்றாள் ஆச்சி.

அந்தப் படம் ஏன் நிலைத்து நிற்கிறது என்பதற்கு இதைவிட நல்ல விளக்கத்தை நான் படித்ததில்லை. பயத்தை ஒரு தரம் சிரித்துக் கடந்துவிட்டால், நாளைக்கு மறுபடியும் புல் மேயத் தைரியம் வந்துவிடுகிறது. அத்தகைய சிரிப்பு ஒன்றரை நிமிஷமானாலும் அதைத் தொலைக்கலாகாது. அடுத்த கொடைக்கோ, பள்ளிக்கூட விழாவுக்கோ, பாட்டுக் கச்சேரிக்கு ஒதுக்கும் பணத்தில் ஒரு பகுதியைக் கொடுத்து, ஒரு பாவைக் கூத்துக் கலைஞரை அழைத்து வந்து நம் குழந்தைகளுக்கு எதிரே திரை கட்டச் செய்தால் என்ன? கூடவே, கைபேசி வைத்திருக்கும் பையன்களில் யாராவது ஒருவன் அதைப் படமாகப் பிடித்துப் பத்திரமாக வைக்கட்டும்.

நான் விடைபெற்றுக்கொண்டபோது உள்ளேயிருந்து மறுபடியும் அந்த இடையர் குழல் கேட்டது. பின்னாலேயே 'தொம்' என்ற ஓசை. அதற்கும் பின்னால் ஆச்சியின் சிரிப்பு.