பூச்சிகளின் உண்ணாவிரதம்

2020 ஜூன் 27. குருகிராம் வானத்தில் வெட்டுக்கிளிக் கூட்டம். பக்கத்திலிருக்கும் டெல்லியின் அரசு மக்களுக்கு அவசர யோசனைகளை அறிவித்தது: பாத்திரங்களைத் தட்டுங்கள், சத்தமாகப் பாட்டு வையுங்கள், வேப்பிலையைக் கொளுத்துங்கள். யமுனையின் கிழக்கே மயூர் விஹாரில் வேப்பிலைக்குப் பஞ்சமில்லை. அங்குள்ள தமிழர் வீடுகளில் அரிசி டின்னுக்குள் காய்ந்த வேப்பிலை போடுவது ஊரிலிருந்து கூடவே வந்த வழக்கம். வெட்டுக்கிளிகள் தலைநகரின் தெற்கு ஓரத்தைத் தொட்டுவிட்டு நகர்ந்தன.

வேடிக்கை என்னவென்றால், கொளுத்துவதைவிட நல்ல வழி இதே டெல்லியில் 58 ஆண்டுகளுக்கு முன்பே கண்டறியப்பட்டிருந்தது. ஆற்றுக்கு அந்தப் பக்கம், பூசாவில் உள்ள இந்திய வேளாண் ஆராய்ச்சி நிறுவனத்தின் பூச்சியியல் நிபுணர் எஸ். பிரதான் 1962-ல் வேப்பங்கொட்டைப் பருப்பை அரைத்து, தண்ணீரில் கரைத்துப் பயிர்கள் மீது தெளித்தார். வெட்டுக்கிளிகள் வந்து இறங்கின. ஆனால் வாய் வைக்கவில்லை. சில பயிர்களில் இந்த உண்ணாவிரதம் மூன்று வாரம்வரை நீடித்தது.

காரணம் அசாடிராக்டின். 1968-ல் இங்கிலாந்தின் கீல் பல்கலைக்கழகத்தில் வேப்பங்கொட்டையிலிருந்து இதைப் பிரித்தெடுத்தார்கள். வெட்டுக்கிளியின் வாயைச் சுற்றியுள்ள சுவை நரம்புகளை இது உசுப்ப, 'சாப்பிடாதே' என்ற செய்தி மூளைக்குப் போகிறது. மீறித் தின்றாலும் தப்ப முடியாது. தோலுரிக்க வைக்கும் ஹார்மோன் குழம்பிவிட, வளரும் குஞ்சு பழைய தோலுக்குள்ளேயே சிக்கிச் சாகிறது. மரம் சத்தமில்லாமல் தயாரிக்கும் இந்தப் பொருளைச் சோதனைச் சாலையில் உருவாக்க கேம்பிரிட்ஜில் ஸ்டீவன் லேயின் குழுவுக்கு 22 ஆண்டுகள் பிடித்தன. வெற்றி கிடைத்தது 2007-ல்.

எல்லாச் செடிக்கும் இந்த அதிர்ஷ்டம் இல்லை. மயூர் விஹாரை ஒட்டிய யமுனைப் படுகையில் காய்கறி விவசாயம் நெடுங்காலமாக நடந்து வந்தது. காலிஃபிளவர் இலையைக் கடித்தால் கடுகின் காரம் கிளம்பும். அதுதான் அதன் ஆயுதம். ஆனால் முட்டைகோஸ் வண்ணத்துப்பூச்சி அந்தக் காரத்தைத் தாங்கப் பழகிவிட்டது. போதாக்குறைக்கு, அதையே அடையாளமாக வைத்து முட்டையிட இலை தேடுகிறது. ஆயுதமே விருந்துக்கு அழைப்பிதழ்!

வேம்பின் மருந்துக்கும் குறை உண்டு. வெயிலில் சில நாட்களிலேயே வீரியம் குறையும். பூச்சி உடனே சாகாது. காலையில் மருந்தடித்து மாலையில் செத்த பூச்சியைத் தேடும் விவசாயிக்கு இது ஏமாற்றம்தான். செலவு என்னவோ சொற்பம். 5 கிலோ வேப்பங்கொட்டைப் பருப்பை இடித்து இரவு முழுக்க ஊறவைத்து வடிகட்டி, 100 லிட்டர் கரைசலாக்கி, இலையில் ஒட்டக் கொஞ்சம் காதி சோப்பு சேர்த்தால் தெளிக்கத் தயார்.

கொட்டை கிடைப்பதும் கஷ்டமில்லை. வெட்டுக்கிளி வந்த அதே ஜூன் கடைசியில்தான் டெல்லியில் வேப்பம்பழம் பழுக்கத் தொடங்குகிறது. மயூர் விஹார் நடைபாதைகளில் உதிர்ந்து, மிதிபட்டு, காலையில் குப்பையோடு குப்பையாகக் கூட்டித் தள்ளப்படுகிறது.