சுருக்கம் போக்கும் கிரீம்: எதை விற்பது, எதைத் தவிர்ப்பது?

"வயது தெரியாமல் இருக்க, விலை குறைவாய் ஒரு கிரீம் கொடுங்கள்" என்று கேட்போர் இன்று மளிகைக் கடைக்கும் ஃபேன்ஸி ஸ்டோருக்கும் தினமும் வருகிறார்கள். எதில் லாபம் அதிகமோ, அதையே நாம் எடுத்து நீட்டுகிறோம். நாங்களும் அப்படிச் செய்தவர்கள்தாம்.

சில ஆண்டுகளுக்கு முன், டஜனுக்கு மூன்று இலவசம் என்ற ஆசையில் ஒரு கிரீமை எடுத்தோம். தயாரிப்பாளர் முகவரி இல்லை, பில்லும் இல்லை. பத்தே நாளில் முகம் பளபளக்கிறது என்று சரக்கு பறந்தது. மூன்றாம் மாதம், எங்களிடம் வாங்கி விற்கும் சில்லறைக் கடைக்காரர் ஒருவர் தம் மனைவியை அழைத்து வந்தார். அந்த அம்மாளின் கன்னம் சிவந்து, தோல் மெலிந்து, வெயிலில் நிற்க முடியாத எரிச்சல். ஸ்டீராய்டு கலந்த கிரீமால் வரும் பாதிப்பு இது என்றார் தோல் மருத்துவர். மீதிச் சரக்கை அழித்தோம். பண நட்டத்தை மறந்துவிட்டோம். அந்த முகத்தை மறக்க முடியவில்லை.

ஸ்டீராய்டு முதலில் தோலை வெளுப்பாகக் காட்டும். தொடர்ந்து பூசினால் தோலை மெலியச் செய்துவிடும். அதனால்தான் 2018-ல் ஸ்டீராய்டு களிம்புகள் பல, மருத்துவர் சீட்டின்றி விற்கக் கூடாத பட்டியலில் சேர்க்கப்பட்டன. பாதரசம் கலந்த கிரீம்களும் உண்டு; அது சிறுநீரகத்தைக் கெடுக்கும். முகப்பூச்சுகளில் தவறிக் கலந்த பாதரசம்கூடப் பத்து லட்சத்தில் ஒரு பங்கைத் தாண்டக் கூடாது என்பது சட்டம்.

சரி, உண்மையில் பலன் தருவது எது?

முதலாவது, வெயில் தடுப்பு கிரீம். சுருக்கத்துக்கும் கரும்புள்ளிக்கும் பெரிய காரணம் வெயில்தான். ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்தில் 900 பேருக்கு மேல் வைத்து நான்கரை ஆண்டுகள் நடத்தி, 2013-ல் வெளியிட்ட ஆய்வில், தினமும் இதைப் பூசியவர்களுக்குத் தோல் முதுமை 24 சதவீதம் குறைவாக இருந்தது. எஸ்.பி.எஃப். 30 போதும், 'பி.ஏ.' என்ற குறியும் இருக்க வேண்டும்.

இரண்டாவது, கிளிசரின் உள்ள சாதாரண ஈரப்பத கிரீம். வறண்ட தோலில் தெரியும் மெல்லிய கோடுகள் இதிலேயே மங்கும். விலையும் குறைவு.

மூன்றாவது, ரெட்டினால் என்ற வைட்டமின் ஏ வகை. இரவில் மட்டும், முதலில் வாரம் இரண்டு மூன்று நாள் பூச வேண்டும். பலன் தெரியச் சில மாதங்கள் ஆகும். கர்ப்பிணிகளுக்குக் கொடுக்கவே கூடாது. தாய்ப்பால் கொடுப்போர் மருத்துவரைக் கேட்கட்டும்.

தங்கத் துகள், முத்துப் பொடி என்பவற்றுக்குக் கொடுக்கும் பணம் பெரும்பாலும் டப்பாவின் அழகுக்கே போகிறது. மேலே பூசும் கொலாஜன் தோலின் ஆழத்துக்குப் போகாது. ஈரம் மட்டும் தரும்.

கொள்முதல் செய்யும்போது லேபிளில் தயாரிப்பாளர் முகவரி, லைசென்ஸ் எண், பேட்ச் எண், காலாவதித் தேதி ஆகியவற்றைப் பாருங்கள். வெளிநாட்டுச் சரக்கானால் இறக்குமதியாளர் முகவரியும் பதிவு எண்ணும் வேண்டும். உட்பொருள்கள் அதிக அளவில் உள்ளதிலிருந்து வரிசையாக அச்சிடப்பட்டிருக்கும். ஒரு சதவீதமும் அதற்குக் குறைவாகவும் உள்ளவை கடைசியில் எந்த வரிசையிலும் வரலாம். முகப்பில் பெரிதாக விளம்பரப்படுத்திய பொருள் உள்ளே எத்தனையாவதாக வருகிறது என்று கவனியுங்கள்.

விலையைக் கிராம் கணக்கில் சொல்லுங்கள். 15 கிராம் 120 ரூபாய் என்றால் கிராம் 8 ரூபாய். 50 கிராம் 250 ரூபாய் என்றால் 5 ரூபாய்தான். சிறிய ட்யூப் மலிவு என்று நினைப்பவருக்கு இது புரியும். ரெட்டினால் சரக்கை வெயில் படும் கண்ணாடி அலமாரியில் வைக்காதீர்கள், வீரியம் குறைந்துவிடும்.

பத்து நாளில் பலன் வேண்டும் என்பவரிடம், அப்படி எதுவும் நம்மிடம் இல்லை என்று சொல்லிவிடுங்கள். அந்தச் சில்லறைக் கடைக்காரர் இன்றும் எங்களிடமே வாங்குகிறார். ஆனால் இப்போது முதலில் பில்லைக் கேட்கிறார். பிறகு கண்ணாடி போட்டுக்கொண்டு லேபிளைப் படிக்கிறார். நாங்கள் பொறுமையாகக் காத்திருக்கிறோம்.