வேருக்கும் பூஞ்சைக்கும் நடக்கும் பண்டமாற்று: டிஏபி அதிகமானால் என்ன ஆகும்?

தென்காசி மாவட்டம் சங்கரன்கோவிலில் உள்ள சங்கரநாராயணசுவாமி கோயிலுக்குப் போனவர்கள் புற்றுமண் வாங்காமல் திரும்புவது அபூர்வம். உடம்பில் பூசினால் தோல் நோய் தீரும் என்பது பக்தர்களின் நம்பிக்கை. மண்ணையே பிரசாதமாகத் தரும் இந்த ஊரைத் தாண்டினால் கரிசலும் செம்மண்ணுமாக வயல்கள். உளுந்து, பருத்தி, மக்காச்சோளம், மல்லிகை எனப் பயிர்கள். அந்த மண்ணுக்குள் கண்ணுக்குத் தெரியாமல் ஒரு பண்டமாற்று நடக்கிறது. ஒரு பக்கம் செடியின் வேர், மறுபக்கம் பூஞ்சை.

பூஞ்சைன்னா நோய்தானே?

எல்லாப் பூஞ்சையும் அப்படியில்லை. வேரோடு சேர்ந்து வாழும் இந்தக் கூட்டணிக்கு 'மைக்கோரைசா' என்று பெயர். கிரேக்க மொழியில் பூஞ்சை, வேர் என்ற இரண்டு சொற்களைச் சேர்த்து 1885-ல் இந்தப் பெயரை வைத்தவர் ஜெர்மனியின் ஆல்பர்ட் ஃபிராங்க். நம் விவசாயிகளுக்கு இதில் ஒரு வகை 'வேம்' என்ற பெயரில் பழக்கம்.

பூஞ்சை என்ன தருகிறது?

முக்கியமாக மணிச்சத்து, அதாவது பாஸ்பரஸ். மண்ணில் மணிச்சத்து இருந்தாலும் செடிக்கு எளிதில் கிடைப்பதில்லை. கரிசலில் அது சுண்ணாம்புச் சத்தோடு ஒட்டிக்கொள்ளும்; செம்மண்ணில் இரும்பு, அலுமினியத்தோடு ஒட்டிக்கொள்ளும். தண்ணீரோடு சேர்ந்து ஓடிவரும் பழக்கமும் அதற்குக் கிடையாது. வேர் தன்னைச் சுற்றிச் சில மில்லிமீட்டரில் இருப்பதை எடுத்து முடித்ததும் அந்த இடம் காலி.

வேர்த்தூவியைவிட மெல்லிய பூஞ்சை இழைகள் அங்கிருந்து பல சென்டிமீட்டர் தூரம் பரவி மணிச்சத்தையும் துத்தநாகத்தையும் கொண்டுவருகின்றன. பதிலுக்குச் செடி, ஒளிச்சேர்க்கையில் தயாரித்த சர்க்கரையையும் கொழுப்பையும் தருகிறது.

ஒருத்தர் ஏமாத்தினா?

இதே கேள்வியை ஆராய்ந்தவர் ஆம்ஸ்டர்டாமைச் சேர்ந்த உயிரியலாளர் டோபி கியர்ஸ். 2011-ல் அவரது குழு 'சயின்ஸ்' இதழில் வெளியிட்ட ஆய்வின்படி, அதிக மணிச்சத்து தரும் பூஞ்சைக்குச் செடி அதிக சர்க்கரை தருகிறது. பூஞ்சையும் சளைத்ததல்ல; அதிக சர்க்கரை தரும் வேருக்கே அதிக மணிச்சத்தை அனுப்புகிறது. சரக்குக்கு ஏற்ற விலை.

நம்ம பக்கம் இது இருக்கா?

இருக்கிறது. சங்கரன்கோவிலுக்கு மேற்கே நிற்கும் மேற்குத் தொடர்ச்சி மலைப் பகுதியில், கோவை பாரதியார் பல்கலைக்கழகத்தின் டி.முத்துக்குமார் உள்ளிட்டோர் 61 குடும்பங்களைச் சேர்ந்த 329 தாவரங்களின் வேர்களைச் சோதித்தனர். பாதிக்கும் மேற்பட்டவற்றில் இந்தப் பூஞ்சை இருந்தது. 2000-ல் அந்த ஆய்வு வெளியானது. ஆனால் எல்லாச் செடியும் சேராது. கடுகும் முட்டைக்கோஸும் அடங்கிய குடும்பம் பெரும்பாலும் இந்தக் கூட்டணிக்கு வெளியேதான்.

கூட்டணி எப்போது உடையும்?

மணிச்சத்து தாராளமாகக் கிடைத்தால் செடிக்குப் பூஞ்சை தேவைப்படாது. சர்க்கரையை நிறுத்திக்கொள்ளும், வேரில் பூஞ்சை குறைந்துபோகும். ஏற்கெனவே மணிச்சத்து நிறைந்த வயலில் வழக்கம்போல டிஏபி கொட்டினால் நடப்பது இதுதான். டிஏபிக்கும் அதன் மூலப்பொருட்களுக்கும் இந்தியா பெருமளவு இறக்குமதியை நம்பியிருக்கிறது. மானியம் போகவே 50 கிலோ மூட்டை ரூ.1,350. அதாவது, காசு கொடுத்து வாங்கிப் போட்டு, மண்ணில் இருந்த வேலையாளை விவசாயியே அனுப்பிவிடுகிறார்.

அடிக்கடி ஆழ உழுதால் இழைகள் அறுந்துபோகும். ஒரு புல்கூட இல்லாமல் நிலத்தை நீண்ட நாள் தரிசாகப் போட்டாலும் சிக்கல்தான். உயிருள்ள வேர் இல்லாமல் இந்தப் பூஞ்சை வளராது.

அப்போ வேம் வாங்கிப் போட்டா போதுமா?

நாற்றங்காலில் ஒரு சதுர மீட்டருக்கு 100 கிராம் வேம், விதைக்குக் கீழே 2 முதல் 3 செ.மீ. ஆழத்தில் இடலாம் என்பது தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் பரிந்துரை. மற்ற நுண்ணுயிர் உரங்களைப் போல இதைத் தனியாகக் கலனில் வளர்க்க முடியாது. மக்காச்சோளம் போன்ற பயிரின் வேரில் வளர்த்துத்தான் எடுக்க வேண்டும். ஆனால் இது மந்திரப் பொடி அல்ல. மணிச்சத்து அதிகமுள்ள மண்ணிலோ, பூஞ்சை ஏற்கெனவே நிறைய இருக்கும் மண்ணிலோ பெரிய வித்தியாசம் தெரியாது.

சென்னையிலும் பெங்களூருவிலும் வேலை பார்த்தபடி ஊரில் உள்ள நிலத்துக்கு உரச்செலவு அனுப்புபவர்கள், பணம் அனுப்பும் முன் வீட்டில் கேட்க வேண்டியது ஒன்று உண்டு: மண்வள அட்டையில் மணிச்சத்துக்கு நேரே என்ன எழுதியிருக்கிறது? 'அதிகம்' என்றிருந்தால், இந்தப் பருவம் டிஏபியை எவ்வளவு குறைக்கலாம் என்று வட்டார வேளாண் அலுவலரிடம் கேட்டுவிட்டு மூட்டை வாங்கலாம்.