காருக்கு ஒரு வீடு பார்க்கணும்!

வண்டலூருக்கு வருகிறவர்கள் புலி பார்க்க வருவார்கள். அதே வண்டலூரில், ஜூவுக்குள் காலே வைக்காமல், வெளியே ஜி.எஸ்.டி. ரோட்டு ஓரம் நின்று வரிக்குதிரை பார்க்கும் ஒரு கூட்டம் இருக்கிறது. ஒரு கையில் டீ கிளாஸ், இன்னொரு கையில் கேமரா திறந்தபடி செல்போன். கண் மட்டும் செங்கல்பட்டு திசையிலேயே இருக்கும்.

"வருது வருது... அண்ணே, எடுங்க எடுங்க! பின்னாடி லைட்டைப் பாருங்க!"

பானட் முதல் டிக்கி வரை கறுப்பு வெள்ளைச் சுருள் ஸ்டிக்கர் ஒட்டிய ஒரு கார், சிவப்புப் பலகையில் வெள்ளை எழுத்து நம்பரோடு, ஷேர் ஆட்டோவுக்கும் டவுன் பஸ்ஸுக்கும் நடுவே ஒன்றும் தெரியாத மாதிரி போகும். லோகோ கிடையாது, பெயர் கிடையாது. இன்னும் ஷோரூமுக்கே வராத வண்டி. போட்டிக் கம்பெனிக்காரர் கண்ணுக்கு அதன் வளைவும் மடிப்பும் பிடிபடக் கூடாது என்பதற்காகத்தான் இந்த வேஷம். நம் ஆட்கள் விடுவார்களா? வீல் எத்தனை இன்ச், சன்ரூஃப் உண்டா, பின்னால் சைலன்சர் இருக்கிறதா (இல்லையென்றால் எலெக்ட்ரிக்!) என்று அது கடந்து போவதற்குள் ஜாதகமே கணித்துவிடுவார்கள்.

இந்தத் தரிசனம் போயஸ் கார்டனில் கிடைக்காது. தாம்பரத்துக்காரர்களுக்குத்தான் கொடுத்து வைத்திருக்கிறது. தெற்கே மகிந்திரா சிட்டியில் 2012-ல் திறந்த மகிந்திரா ரிசர்ச் வேலி. 2024 நவம்பரில் அறிமுகமான பிஇ 6, எக்ஸ்இவி 9இ எலெக்ட்ரிக் கார்களுக்கான பொறியியல் வேலை நடந்த இடம் அதுதான். அதே மகிந்திரா சிட்டியில் 2007 முதல் பி.எம்.டபிள்யூ தொழிற்சாலை. மேற்கே ஒரகடத்தில் 2010-ல் ரெனோவும் நிசானும் சேர்ந்து திறந்த ஆலை. பக்கத்திலேயே சோதனை ஓடுதளங்களோடு மத்திய அரசின் வாகன ஆராய்ச்சி மையம். கொஞ்சம் தள்ளி இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய். 1998-ல் சான்ட்ரோ பிறந்த வீடு. அதே ஊரில் 3.7 கிலோமீட்டர் ரேஸ் டிராக், 1990 முதல். கார் பைத்தியம் பிடிக்க இதைவிடத் தோதான ஊர் இந்தியாவில் எனக்குத் தெரிந்து இல்லை.

ஆனால் திரைக்குப் பின்னால் கொஞ்சம் எட்டிப் பாருங்கள். இவ்வளவு பைத்தியம் பிடித்த மனிதர்களில் பலர் வேலைக்குக் காரில் போவதே இல்லை! பெருங்களத்தூரிலும் கூடுவாஞ்சேரியிலும் விடியற்காலையில் நின்று பாருங்கள்: அடையாள அட்டையைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு கம்பெனி பஸ்ஸுக்குக் காத்திருக்கும் வரிசை. பகல் முழுக்க அடுத்தவருக்காக பி.எம்.டபிள்யூ பூட்டிவிட்டு, மாலையில் அதே பஸ்ஸில் தூங்கி விழுந்துகொண்டே திரும்புகிறவர்களும் அதில் உண்டு. நகரத்துக்குள் வேலை என்றால் எலெக்ட்ரிக் டிரெயின். பீச்சிலிருந்து தாம்பரத்துக்கு 1931-லிருந்து ஓடுகிறது, குரோம்பேட்டை சிக்னலில் நிற்க வேண்டியதில்லை. கார்? அது கவர் போர்த்திக்கொண்டு திங்கள் முதல் சனி வரை தூங்கும். ஒரு ஸ்பேர் பார்ட் வேண்டுமா? அதற்கும் டிரெயின்தான். எழும்பூரில் இறங்கி நடந்தால் புதுப்பேட்டை. பழைய கார்களைப் பிரித்துப் போட்டு, கதவு ஒரு கடை, கியர்பாக்ஸ் ஒரு கடை என்று விற்கிற தெருக்கள். மடியில் ஹெட்லைட்டை வைத்துக்கொண்டு லேடீஸ் கோச்சுக்கு அடுத்த பெட்டியில் ஒருவர் சிரித்த முகத்தோடு உட்கார்ந்திருந்தால், விசாரிக்கவே வேண்டாம். நம்ம ஆள்.

சரி, இவர்கள் எங்கே குடியிருக்க ஆசைப்படுகிறார்கள்? கடற்கரையோர பங்களாவா? அதெல்லாம் லாட்டரி அடித்தால். அப்போதும் சிலர் கொல்லிமலை அடிவாரம் என்பார்கள். 70 கொண்டை ஊசி வளைவுகளும் தினமும் கிடைக்குமே! இல்லாவிட்டால் 40 வளைவு இருக்கிற வால்பாறைப் பாதை ஓரம். லாட்டரி அடிக்காதவர்களின் கனவு வேறு. அதைத் தெரிந்துகொள்ள, புதிதாகக் கட்டும் ஏதாவது ஒரு அடுக்குமாடிக்கு ஞாயிற்றுக்கிழமை போய் ஓரமாக நில்லுங்கள்.

மனைவி மேலே கிச்சன் பார்க்கிறார், பால்கனி பார்க்கிறார், பூஜை அறை எந்தத் திசை என்று கேட்கிறார். கணவரைக் காணோம். கீழே ஸ்டில்ட் பார்க்கிங்கில் குனிந்து இன்ச் டேப்பை நீட்டிக்கொண்டிருக்கிறார்!

"ஏங்க, மேல வந்து ஹாலைப் பாருங்க!"

"நீ பார்த்தா போதும்மா. இந்தத் தூண்தான் கொஞ்சம் இடிக்குது."

அவர் கவலையில் நியாயம் இருக்கிறது. தமிழ்நாட்டின் 2019-ஆம் ஆண்டு கட்டட விதிகளில் ஒரு காருக்கான இடம் 2.5 மீட்டர் அகலம், 5 மீட்டர் நீளம். மகிந்திரா ஸ்கார்பியோ-என் காரின் அகலம் 1,917 மில்லிமீட்டர். கழித்துப் பாருங்கள்: மிச்சம் 58 சென்டிமீட்டர். நட்டநடுவே நிறுத்தினால் இரண்டு பக்கமும் தலா ஒன்றேகால் சாண். அந்தச் சந்தில் கதவைத் திறந்து, தொப்பையை எக்கி, பக்கத்து வண்டியில் பொத்தான் உரசாமல் வெளியே வர வேண்டும். சென்னைக்குப் பக்கத்தில் பொறியியல் வேலை நடந்த வண்டி, சென்னை பார்க்கிங்கில் மூச்சு முட்டுகிறது. வடிவமைத்தவர்களில் நாலு பேரை ராஜகீழ்ப்பாக்கத்தில் வாடகைக்குக் குடிவைத்திருந்தால் இப்படி ஆகியிருக்காது என்பது என் கட்சி.

இதில் ஒரு சுவையான உள்கதை. பெருங்களத்தூரில் ஐ.டி. கட்டடங்களும் அடுக்குமாடிகளுமாக நிற்கும் ஸ்ரீராம் கேட்வே இருக்கிறதே, அந்த மண்ணில் முன்பு என்ன இருந்தது தெரியுமா? கார் தொழிற்சாலை! ஸ்டாண்டர்டு மோட்டார் புராடக்ட்ஸ் கம்பெனி. 1961-லிருந்து ஸ்டாண்டர்டு ஹெரால்டு, எழுபதுகளில் கஸல். ஹெரால்டின் பானட் மொத்தமும், மட்கார்டு உட்பட, முன்பக்கமாக அப்படியே சாய்ந்து திறக்கும். மெக்கானிக் டயர் மேலேயே உட்கார்ந்து வேலை பார்க்கலாம். லண்டன் டாக்ஸி மாதிரி சுமார் 25 அடி வட்டத்துக்குள் திரும்பிவிடும். செம்பாக்கம் சந்துக்கு அளவெடுத்துத் தைத்த வண்டி! அடுத்து 1985-ல் ஸ்டாண்டர்டு 2000 வந்தது. பிரிட்டனின் ரோவர் உடம்பு, உள்ளே பழைய வேன்கார்டு வழிவந்த இன்ஜின். பார்க்க ராஜா, பெட்ரோல் குடிப்பதிலும் ராஜா. 1988-ல் ஆலையே படுத்துவிட்டது. ஆக, இன்று அங்கே ஃபிளாட் வாங்கியவர் கார் நிறுத்துகிற மண்ணில் ஒரு காலத்தில் கார்களே பிறந்தன. புரோக்கர்கள் ஏன் இதை விளம்பரத்தில் போடுவதில்லை? கார் ஆசைக்காரன் சதுர அடிக்கு நூறு ரூபாய் கூடவே கொடுத்துவிடுவானே!

மறைமலை நகர்க் கதை இன்னும் சூடு ஆறவில்லை. 1999-ல் ஃபோர்டு ஐகான் அங்கிருந்துதான் வெளியே வந்தது. 'ஜோஷ் மெஷின்' என்று விளம்பரம் செய்த வண்டி, இன்றும் 1.6 இன்ஜின் ஐகான் என்றால் சிலருக்குக் கண் கலங்கும். 2021 செப்டம்பரில் உற்பத்தியை நிறுத்தப் போவதாக ஃபோர்டு அறிவித்தது. 2022-ல் கடைசி ஈகோஸ்போர்ட்டும் போனது. 2029 முதல் அங்கே இன்ஜின் தயாரிக்க 3,250 கோடி ரூபாய் முதலீட்டில் தமிழக அரசோடு 2025 அக்டோபர் 31-ல் ஒப்பந்தம் ஆனபோது, இந்தப் பக்கம் ஈகோஸ்போர்ட்டை விற்காமல் வைத்திருந்தவர்கள் நடந்த நடையே தனி.

இப்போது காசு. ஆசைக்கு அளவில்லை, ஆன்ரோடு விலைக்கும் அளவில்லை. 2023 நவம்பரிலிருந்து தமிழ்நாட்டில் ஆயுள் வரி ஐந்து லட்சம் வரை 12 சதவீதம், பத்து லட்சம் வரை 13, இருபது லட்சம் வரை 18, அதற்கு மேல் 20. அறுபது லட்ச ரூபாய் வண்டிக்கு வரி மட்டும் 12 லட்சம்! மகிந்திரா சிட்டியில் பூட்டிய வண்டி தாம்பரம் ஆர்.டி.ஓ. ஆபீஸில் டிஎன் 11 நம்பர் வாங்குவதற்குள் இன்னொரு கார் விலையைத் தின்றுவிடுகிறது. 2025 செப்டம்பர் 22 முதல் சின்ன கார்களுக்கு ஜி.எஸ்.டி. 18 சதவீதமாக இறங்கியது ஓர் ஆறுதல். ஆனாலும் மாதம் பிறந்தால் வீட்டு டியூ, ஸ்கூல் ஃபீஸ், அப்புறம்தான் வண்டி. அதனால் நம் ஆட்கள் போகிற இடம் செகண்ட் ஹேண்ட் சந்தை.

அங்கே மொழியே தனி. "சிங்கிள் ஓனர் சார், டாக்டர் வண்டி, கிளினிக்குக்கு மட்டும்தான் எடுப்பார்." டாக்டர்கள் இத்தனை கார் விற்றால் வைத்தியம் எப்போது பார்ப்பது? இந்த ஏரியாவில் வாங்குகிறவர் முதலில் பயப்படுவது கிலோமீட்டருக்கு அல்ல. 'தண்ணி ஏறின வண்டி'க்கு. 2015 டிசம்பரில் முடிச்சூரிலும் வரதராஜபுரத்திலும் அடையாற்று வெள்ளம் வீட்டுக்குள் புகுந்தது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல். மூழ்கிய கார்களைக் கழுவித் துடைத்து வாசனை அடித்து விற்றால் யாருக்குத் தெரியும்? அனுபவஸ்தர் ஒருவர் பார்ப்பதைக் கவனித்தேன். பெயின்ட்டைத் தொடவே இல்லை. சீட் பெல்ட்டைக் கடைசி வரை இழுத்தார். சுருளுக்குள்ளே இருந்த பகுதியில் மங்கலாக ஒரு சேற்றுக் கோடு. அடுத்து டிக்கியில் ஸ்டெப்னியைத் தூக்கி, அடியில் விரலை விட்டுத் தடவினார், வண்டல். "வேணாம், வா போலாம்" என்றார். ஒரே நிமிஷம்!

மழைக்காலம் இங்கே கார்க்காரர்களுக்கு அக்னிப் பரீட்சை. தண்ணீரில் நின்ற வண்டியை ஒருபோதும் ஸ்டார்ட் செய்யக் கூடாது. காற்று போகிற வழியில் தண்ணீர் இன்ஜினுக்குள் போயிருக்கும். காற்றை அமுக்கலாம், தண்ணீரை அமுக்க முடியாது, பிஸ்டனைத் தாங்கும் ராடே வளைந்துவிடும். 'இன்ஜின் புரொடெக்ட்' சேர்க்காத பாலிசி என்றால் இன்ஷூரன்ஸும் கை விரிக்கும். அதனால்தான் 2024 அக்டோபரில் கனமழை எச்சரிக்கை வந்ததும் வேளச்சேரி, பள்ளிக்கரணைப் பக்கத்து ஆட்கள் வண்டிகளைக் கொண்டுபோய் மேம்பாலத்தில் வரிசையாக நிறுத்திவிட்டார்கள். போலீஸ் அபராதம் போடுவதாக வதந்தி பரவ, போடவில்லை என்று போலீஸே சொன்னது. ஊரே சிரித்தது. எனக்குச் சிரிப்பு வரவில்லை, பெருமையாக இருந்தது: வீட்டுக்காரர் தரைத்தளத்தில் முழங்கால் தண்ணீரில், வண்டி மட்டும் மேம்பாலத்தில் நனையாத காலோடு! பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தைச் சுற்றி ஊரைக் கட்டிவிட்டு இதைத் தவிர வேறு என்ன செய்ய முடியும்?

ஞாயிறு காலை ஐந்து மணிக்குத்தான் இவர்கள் நிஜமாக வாழ்கிறார்கள். கவரை உருவி, குழந்தை எழுந்துவிடக் கூடாது என்று செக்யூரிட்டி அண்ணன் உதவியோடு கேட் வரை தள்ளிக்கொண்டு வந்து, தெருமுனையில் ஸ்டார்ட் செய்கிற புண்ணியவான்களும் உண்டு. வண்டலூர்-கேளம்பாக்கம் ரோடு பிடித்து ஈ.சி.ஆர். ஒரு வழி. இல்லையென்றால் நேரே ஜி.எஸ்.டி. ரோட்டில் டிகிரி காபி. பரனூர் டோலைத் தாண்டுவதா, அதற்கு முன்பே திரும்புவதா என்ற விவாதம் மட்டும் காபியைவிட நீளும். பல லட்சம் ரூபாய் வண்டியில் உட்கார்ந்துகொண்டு டோல் காசுக்கு யோசிப்பதுதான் எங்கள் ஊர் அழகு. எட்டரைக்குள் வீடு திரும்ப வேண்டும். இட்லி ஆறிவிடும், ஜி.எஸ்.டி.யும் நிரம்பிவிடும்.

தென்புறநகரில் வீடு தேடுகிறவர்களுக்கு இவர்கள் சொல்கிற ஒரே யோசனையை நானும் சொல்லிவிடுகிறேன். வெயில் காலத்தில் வீடு பார்க்கப் போகாதீர்கள். ஐப்பசி, கார்த்திகையில் நல்ல மழை பெய்த மறுநாள் காலை, சொல்லாமல் கொள்ளாமல் போய் நில்லுங்கள். தெருவில் தண்ணீர் எதுவரை ஏறியிருக்கிறது, ஸ்டில்ட் தரை ரோட்டைவிட உயரமா பள்ளமா, பக்கத்து வீட்டுக் கார் எங்கே நிற்கிறது என்று பாருங்கள். கேட்டுக்கு உள்ளே நின்றால் அட்வான்ஸ் கொடுக்கலாம். மேம்பாலத்தில் நின்றால், அடுத்த தெருவைப் பாருங்கள்.