தேயிலை மலையில் தாய்மை: சிறு உபாதைகளும் தணிக்கும் வழிகளும்

பெண்ணின் சூலகங்களில் சுரக்கும் ஈஸ்திரஜன், புரொஜெஸ்தரோன் ஆகிய ஓமோன்கள், அதாவது இரத்தத்தில் கலந்து சென்று பிற உறுப்புகளின் தொழிலை நெறிப்படுத்தும் சுரப்புகள், மாதந்தோறும் ஏறி இறங்குவதும், கருவுற்ற பின் பன்மடங்கு பெருகுவதும், நடுவயதைக் கடக்கையில் குறைந்து போவதும் இயற்கையின் ஒழுங்காகும். இம்மாற்றங்களோடு வரும் குமட்டல், நெஞ்செரிப்பு, இடுப்புவலி, கால்வீக்கம் முதலியவற்றை மருத்துவம் சிறு உபாதைகள் என்றே வகைப்படுத்துகிறது. ஆயினும் இலங்கையின் அட்டனிலும் நுவரெலியாவிலும் கொழுந்துக் கூடையோடு நாள் முழுவதும் சரிவில் நிற்கும் பெண்ணுக்கு அவை சிறியனவாக இருப்பதில்லை. உபாதையைத் தோற்றுவிப்பது ஓமோனாக இருப்பினும், அதைக் கூட்டுவதிலும் குறைப்பதிலும் உணவுக்கும் வேலைக்கும் ஓய்வுக்கும் பெரும்பங்கு உண்டு என்பதால், தணிவுக்கான வழியை அவற்றிலிருந்தே தொடங்க வேண்டும்.

மசக்கையும் நெஞ்செரிப்பும்

சிறுநீர்ப் பரிசோதனையில் கருவுற்றமையைக் காட்டும் ஓமோன் எட்டு முதல் பத்து வாரங்களில் உச்சத்தை அடைகிறது. மசக்கை கடுமையாவதும் ஏறத்தாழ அக்காலத்திலேயே ஆகும்; பெரும்பாலானோருக்கு அது 16ஆம் வாரமளவில் தணிந்துவிடுகிறது. வெறும் வயிற்றோடு பிளேன்டீ மட்டும் குடித்துவிட்டு மலைக்குப் புறப்படுவது குமட்டலைக் கூட்டக்கூடும் ஆகையால், எழுந்தவுடன் பிஸ்கட்டோ காய்ந்த ரொட்டித் துண்டோ உண்டு, பின்னர் சிறிது சிறிதாகப் பலமுறை உண்பது நல்லது. இஞ்சி குமட்டலைத் தணிக்கும் என்பதை உலக சுகாதார நிறுவனம் 2016இல் வெளியிட்ட கர்ப்பகாலப் பராமரிப்பு வழிகாட்டியும் ஏற்றுக்கொண்டுள்ளது.

இரைப்பையின் மேல்வாயை மூடிவைக்கும் தசையைப் புரொஜெஸ்தரோன் தளர்த்துவதால் அமிலம் மேலேறி நெஞ்செரிப்பு உண்டாகிறது. இரவு உணவுக்கும் படுக்கைக்கும் இடையில் இரண்டு மணி நேரமாவது விட்டு, தலைப்பக்கத்தை உயர்த்திப் படுத்தால் அது பெரிதும் குறையும்.

மலச்சிக்கலும் நீர்க்கடுப்பும்

குடலின் அசைவையும் புரொஜெஸ்தரோனே மந்தமாக்குகிறது; இரும்புச்சத்து மாத்திரையும் சிலருக்கு மலத்தை இறுக்குகிறது. கொழுந்து மலையில் கழிப்பறை இல்லாத இடங்களில் பெண்கள் நீர் குடிப்பதைத் தவிர்ப்பதும், சிறுநீரை மணிக்கணக்கில் அடக்குவதும் மலச்சிக்கலையும் சிறுநீர்த் தொற்றையும் வரவழைக்கின்றன. கொதித்தாறிய நீரைப் போத்தலில் எடுத்துச் சென்று அவ்வப்போது பருகுவதும், கீரை, பயறு, குரக்கன் ரொட்டி போன்ற நார்ச்சத்துள்ள உணவைச் சேர்ப்பதும் பயன் தரும். சிறுநீர் எரிவோடு கழியுமாயின், கர்ப்பகாலத்தில் அத்தொற்று சிறுநீரகத்தைத் தாக்கக்கூடும் என்பதால், அன்றே மருத்துவரைக் காண வேண்டும்.

இடுப்புவலியும் கால்வீக்கமும்

கொழுந்து பறிக்கும் பெண் சரிவில் ஒரு காலை மேலும் மறுகாலைக் கீழும் ஊன்றி, கூடையின் கயிற்றைத் தலையில் தாங்கி, முன்னோக்கிச் சாய்ந்தே நிற்கிறாள். பிரசவத்துக்கு ஆயத்தமாக இடுப்பெலும்பின் இணைப்புகளை ஓமோன்கள் தளர்த்தும் காலத்தில், வளரும் வயிறும் பின்னால் தொங்கும் கூடையும் முதுகெலும்பை இருபுறமும் இழுப்பதால் வலி இரட்டிக்கிறது. கூடை நிரம்பும் வரை காத்திராமல் பாதியளவிலேயே கொழுந்தை இறக்குவதும், நிறுவைக்குப் பிறர் சுமந்து செல்ல உதவுவதும், வீட்டில் கால்களைத் தலையணை மேல் உயர்த்தி இளைப்பாறுவதும், இடதுபக்கமாகச் சரிந்து உறங்குவதும் இடுப்புவலியையும் கால்வீக்கத்தையும் நரம்புச் சுருட்டலையும் தணிக்கும். இரவில் கெண்டைக்கால் பிடித்துக்கொண்டால் காலை நீட்டி, பாதத்தை முழங்காலை நோக்கி மடக்கி நீவிவிட்டால் பிடிப்பு விலகும்.

இரத்தச்சோகையும் தேநீர் வேளையும்

களைப்பும் தலைச்சுற்றலும் கர்ப்பத்தின் இயல்பென்று விடப்படுவதாலேயே இரத்தச்சோகை கண்டறியப்படாமல் போகிறது. கர்ப்பிணியின் இரத்தத்தில் ஈமோகுளோபின், அதாவது உயிர்வளியைச் சுமக்கும் செந்நிறப் புரதம், ஒரு டெசிலீற்றருக்கு 11 கிராமுக்குக் குறைந்தால் அது பொதுவாகச் சோகை எனக் கொள்ளப்படுகிறது. ஏறத்தாழ 1,870 மீற்றர் உயரத்திலுள்ள நுவரெலியா போன்ற இடங்களில் காற்றில் உயிர்வளி குறைவாகையால் இந்த எல்லையையும் சற்று உயர்த்தியே கணிக்க வேண்டும்.

தேயிலையிலுள்ள துவர்ப்புப் பொருள்கள் உணவின் இரும்புச்சத்தைப் பற்றிக்கொண்டு குடல் உறிஞ்சவிடாமல் தடுக்கின்றன. ரொட்டியோடும் சோற்றோடும் தேநீர் குடிக்கும் வழக்கம் வேரூன்றிய தோட்டக் குடியிருப்பு லயங்களில், தேநீரைக் கைவிடத் தேவையில்லை; உணவுக்கு முன்னும் பின்னும் ஒரு மணி நேரமாவது விட்டுக் குடித்தாலே போதும். கிளினிக்கில் வழங்கப்படும் இரும்பு, போலிக் அமில மாத்திரையைத் தேசிக்காய்ச் சாற்றோடோ விற்றமின் சி மாத்திரையோடோ விழுங்கி, கல்சியம் மாத்திரையை வேறொரு வேளைக்கு ஒதுக்க வேண்டும். முருங்கைக்கீரை, பயறு, கடலை, நெத்தலிக் கருவாடு ஆகியன குறைந்த செலவில் இரும்பையும் புரதத்தையும் தருவன. வெறுங்காலோடு மண்ணில் நடக்கையில் உடலில் நுழையும் கொக்கிப்புழு குடலில் தங்கி இரத்தத்தை உறிஞ்சுவதால், காலணி அணிவதும், மூன்றாம் மாதத்துக்குப் பின் மருத்துவமாது தரும் புழு மருந்தை உட்கொள்வதும் தவிர்க்கக்கூடாதவை. 1970களிலிருந்து வழங்கப்பட்டுவரும் திரிபோஷா என்னும் சத்துமாவும் தாய்க்கென்றே அளந்து தரப்படுவது; அது வீட்டிலுள்ள அனைவருக்கும் பங்கிடப்படுமாயின் உரியவளுக்குப் பயன் கிட்டாது.

மாதவிடாயும் அது நிற்கும் பருவமும்

மாதவிடாய்க் காலத்தில் கருப்பையின் உட்படலம் வெளியிடும் வேதிப்பொருள்கள் தசையைச் சுருங்கச் செய்வதால் அடிவயிறு வலிக்கிறது. மலைக்குளிரில் வெந்நீர்ப் போத்தலைத் துணியில் சுற்றி வயிற்றில் ஒற்றுவது எளிய நிவாரணமாகும். ஏழு நாளுக்கு மேல் நீடிக்கும் அல்லது கட்டிகட்டியாக வெளியேறும் உதிரப்போக்குக்கு மருத்துவம் தேவை. ஐம்பது வயதை ஒட்டி மாதவிடாய் நிற்கையில் திடீர் உடற்சூடும் வியர்வையும் உறக்கமின்மையும் தோன்றி, காலப்போக்கில் அடங்கும். ஆனால் நின்று ஓராண்டு கழித்து மீண்டும் உதிரம் கண்டால் உடனே பரிசோதிக்க வேண்டும்.

சிறு உபாதையின் எல்லை

கர்ப்பிணிக்கு உதிரம் கசிதல், நீர்க்குடம் உடைதல், கடும் தலைவலி, பார்வை மங்கல், முகமும் கைகளும் வீங்குதல், காய்ச்சல், குழந்தையின் அசைவு குறைதல், எதையும் அருந்தவியலாத வாந்தி ஆகியவற்றுள் ஒன்று தோன்றினாலும் வீட்டுவைத்தியத்தில் காலம் கடத்தலாகாது. 1990 என்ற எண்ணுக்கு அழைத்தால் சுவசெரிய அம்புலன்ஸ் கட்டணமின்றி வரும். டிக்கோயா கிளங்கன் ஆதார வைத்தியசாலையும் நுவரெலியா மாவட்டப் பொது வைத்தியசாலையும் இப்பிரதேசத் தாய்மாருக்குப் பணியாற்றுகின்றன. பாதை கரடுமுரடான மேற்பிரிவுகளில் வசிப்போர் வாகன ஏற்பாட்டை எட்டாம் மாதத்திலேயே உறுதிசெய்து வைப்பது அவசியம்.

குடும்பத்தின் கடமையும் தோட்டத்தின் கடமையும்

1939ஆம் ஆண்டின் மகப்பேற்று நன்மைகள் கட்டளைச் சட்டத்துக்கு 2018இல் கொண்டுவரப்பட்ட திருத்தம், எத்தனையாவது குழந்தையாயினும் 84 நாள் விடுமுறையை உறுதிசெய்துள்ளது. அந்த விடுமுறை தொடங்கும் வரை கர்ப்பிணிக்குச் செங்குத்தில்லாத மலையையும் பாரமற்ற வேலையையும் ஒதுக்குவதும், மலைக்கருகே கழிப்பறை அமைப்பதும் நிர்வாகத்தின் கடமை. விறகும் நீரும் சுமக்கும் வேலையைக் கணவனும் பிள்ளைகளும் ஏற்பது குடும்பத்தின் கடமை. இவ்விரண்டும் நிறைவேறாத இடத்தில் பெண்ணுக்கு மட்டும் அறிவுரை சொல்வது நீதியாகாது. நிறைவேறும் இடத்திலோ இந்த உபாதைகளுள் பெரும்பாலானவை மருந்தின்றியே தணியும்.